பரீட்சை எழுதிய மந்திரவாதிகள்
(யாழ்ப்பாணத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1898 நவம்பர் மாதம். இலண்டனில் மார்க் மேசன்ஸ் மண்டபம். இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவரைக் கண்ணைக் கட்டி, இடுப்பில் மூன்று சுற்றுக் கயிறு கட்டி உள்ளே அழைத்து வருகிறார்கள். பலிபீடத்தின் முன் மண்டியிட்டு அவர் சத்தியம் செய்கிறார். இங்கே கற்பதை வெளியே சொன்னால், ஆயுதம் எதுவும் படாமலே, மின்னல் தாக்கியவன்போல் விழுவேன் என்பது அந்தச் சத்தியத்தின் சாரம். இந்தச் சடங்கில் யாராவது செத்ததுண்டா என்று அவர் முன்கூட்டியே விசாரித்து வைத்தாராம்.

சத்தியம் முடிந்தது. கண்கட்டு அவிழ்ந்தது. உயிரைப் பணயம் வைத்துக் காக்கவேண்டிய அந்த இரகசியத்தைக் கையில் கொடுத்தார்கள். அது என்ன தெரியுமா? ஹீப்ரு நெடுங்கணக்கு. இருபத்திரண்டு எழுத்து. அதோடு கிரகங்களின் குறிகள், இராசிகளின் குறிகள், யூத மறைஞானமான கபாலாவில் வரும் பத்துப் படிகளின் பெயர்கள். போய் மனப்பாடம் பண்ணிவிட்டு வாருங்கள், பரீட்சை உண்டு.

அந்த இளைஞர் அலிஸ்டர் குரோலி. பிற்காலத்தில் பத்திரிகைகள் அவரை உலகத்தின் மிகக் கெட்ட மனிதன் என்றே எழுதின. எந்தப் பள்ளிக்கூடப் பையனும் படித்துவிடக்கூடிய எழுத்துக்கணக்குக்கா இத்தனை பயங்கரமான சத்தியம் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் சலித்துக்கொள்கிறார். எனக்கோ அந்த எழுத்துக்கணக்குத்தான் சுவாரசியமாகப் படுகிறது. மந்திர மார்க்கம் என்றதும் மண்டையோடும் கறுப்புப் பூனையும்தான் நம் மனத்தில் வருகின்றன. ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மேற்கில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற மந்திர சங்கம் ஒரு பாடசாலையாகத்தான் நடந்தது. பாடத்திட்டம் இருந்தது, பரீட்சை இருந்தது, பதிவேடு இருந்தது. அந்தப் பதிவேட்டால் சண்டை வந்தது. அந்தச் சண்டையில் தோற்கவில்லை, ஆனாலும் வெளியேறினார் ஒரு பெண்மணி. அவர் கடைசியில் நம்முடைய சுன்னாகத்துக்கே வந்து சேர்ந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

சங்கத்தின் பெயர் ஹெர்மெட்டிக் ஆர்டர் ஆஃப் தி கோல்டன் டான். சுருக்கமாக கோல்டன் டான். 1888இல் மூன்று பேர் தொடங்கினார்கள். வெஸ்ட்கொட் மரண விசாரணை அதிகாரி. வுட்மன் வைத்தியர். மூன்றாமவர் மெக்கிரேகர் மேதர்ஸ், நூலகத்திலேயே குடியிருந்த ஏழைப் புலவர். பெண்களைச் சரிசமமாகச் சேர்த்துக்கொண்டது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். தத்துவவாதி ஆன்றி பெர்க்சனின் தங்கை மினா, நாடக நடிகை ஃபுளோரன்ஸ் ஃபார், தேயிலை வணிகக் குடும்பத்து அனி ஹோர்னிமன் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1890இல் சேர்ந்தார். நோபல் பரிசெல்லாம் பின்னால் வந்தது.

இவர்கள் எதை நம்பவேண்டும் என்று சங்கம் கேட்டது? மிகக் குறைவாகத்தான். பரம்பொருள் ஒன்றிலோ பலவற்றிலோ நம்பிக்கை வேண்டும். கிறிஸ்தவராக இல்லாவிட்டால் கிறிஸ்தவச் சின்னங்களைக் கற்கவாவது மனம் வேண்டும். இவ்வளவுதான். இன்னொரு நிபந்தனை இதைவிட முக்கியமானது. ஆவி பேசுவதற்கு உடலைக் கொடுத்துவிட்டுக் கிடக்கிறவர்களையும், வசியத்துக்கு ஆட்படுகிறவர்களையும் சேர்க்க விரும்பவில்லை என்று விண்ணப்பப் படிவத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். விக்டோரியா காலத்து இலண்டனில் தெருவுக்குத் தெரு ஆவிக் கூட்டம் நடந்தது. அந்தச் சூழலில் இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். விழித்திருக்கிற மனம்தான் இவர்களுக்கு மூலதனம். கும்பிடும் கடவுள் யாராகவும் இருக்கலாம், அறிவை மட்டும் அடகு வைக்கக்கூடாது.

நம்பிக்கையில் இவ்வளவு தாராளம் காட்டியவர்கள் படிப்பில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளிவட்டத்தில் ஐந்து படிகள். ஒவ்வொரு படிக்கும் பாடத்தாள். இரசவாதக் குறிகள், மண்ணில் புள்ளியிட்டுக் குறி பார்க்கும் கலையின் பதினாறு உருவங்கள், ஆரூடம் சொல்லும் டாரட் சீட்டில் இருபத்திரண்டு பெருஞ்சீட்டுகள் என்று வரிசையாகப் போகும். ஒன்றில் தேறாமல் அடுத்ததற்குப் போக முடியாது. அச்சடித்த புத்தகம் கிடையாது. தாளை இரவல் வாங்கி, கையால் பெயர்த்தெழுதி, மூலத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஏடு பெயர்த்தெழுதிப் படித்த பரம்பரையில் வந்த நமக்கு இதன் அருமை புரியும். ஒரு பக்கத்தைக் கையால் எழுதுகிறவன் அதை ஒருமுறையாவது முழுக்கப் படித்தே தீருவான். இன்று கைத்தொலைபேசியில் ஐந்நூறு நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிறவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அப்படி எழுதிய தாள்களை ஒரு பெட்டியில் பூட்டி, நான் இறந்தால் இது இன்னாரிடம் போகவேண்டும் என்று சீட்டு ஒட்டிவைக்கவேண்டும் என்பது விதி.

வெளிவட்டத்தைத் தாண்டி உள்வட்டத்துக்குள் வந்தால் கைவேலை தொடங்கும். மந்திரக்கோல், கிண்ணம், குத்துவாள், வட்டத் தகடு, வாள் எல்லாவற்றையும் சாதகரே ஆயத்தம் செய்யவேண்டும். தாமரைக் கோல் என்று ஒன்று உண்டு. அதில் பன்னிரண்டு இராசிக்கும் பன்னிரண்டு நிறப் பட்டைகள், மேலே வெள்ளை, கீழே கறுப்பு. தச்சனிடம் கொடுத்துச் செய்விக்கலாமே என்று தோன்றும். ஆனால் எந்த இராசிக்கு எந்த நிறம் என்பதைப் பல நாள் தூரிகையால் பூசிப் பூசித்தான் அவர்கள் மனத்தில் ஏற்றினார்கள். நாடக மேடையிலும் ஓவியக் கூடத்திலும் பழகியவர்கள் இதில் சுலபமாகத் தேறியிருப்பார்கள். மரண விசாரணை அதிகாரியின் கோல் எப்படி இருந்ததோ!

இந்த அவையில் சைவ சித்தாந்தம் படித்தவர்கள் பலர் இருப்பதால் ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். உள்வட்டத்தாரின் பயிற்சிகளில் ஒன்று, பஞ்சபூதச் சின்னங்களை அட்டையில் வரைந்து, கண் இமைக்காமல் பார்த்து, பிறகு கண்ணை மூடி அந்தச் சின்னத்தை ஒரு வாசலாகப் பாவித்து உள்ளே நுழைவது. மண் மஞ்சள் சதுரம். நீர் வெள்ளிப் பிறை. தீ சிவப்பு முக்கோணம். காற்று நீல வட்டம். வான் கருநீல முட்டை. தத்துவம் என்ற நம்முடைய சொல்லையே அவர்கள் வைத்துக்கொண்டார்கள். பிரம்மஞான சபையைச் சேர்ந்த ராம பிரசாத் ஆங்கிலத்தில் எழுதிய நூல் வழியாக இது அவர்களுக்குப் போயிற்று.

இப்போது மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் என்ற சித்தாந்த நூலை நினைத்துப் பாருங்கள். மண் நாற்கோணம், நீர் பிறை, தீ முக்கோணம். அதுவரை ஒன்றுதான். அங்கிருந்து பிரிகிறது. நமக்குக் காற்று அறுகோணம், நிறம் கறுப்பு. வான் வட்டம், நிறம் புகை. அவர்களுக்கு வட்டம் காற்றாகிவிட்டது. நம்முடைய சிவாசாரியார் ஒருவரும் இலண்டன் அம்மையார் ஒருவரும் ஒரே வட்டத்தைப் பார்த்துத் தியானித்தால், ஒருவர் ஆகாயத்திலும் மற்றவர் காற்றிலும் நிற்பார். யாருடைய வட்டம் சரி என்று கேட்பவர் அந்தப் பயிற்சியைப் புரிந்துகொள்ளவில்லை என்றே நான் சொல்வேன். ஒரு பரம்பரைக்குள் குறிகள் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்தி நிற்கவேண்டும். அந்தப் பொருத்தம் முழுவதையும் சாதகர் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும். எதற்காக என்றால், கண்ட காட்சியைச் சோதிப்பதற்காக.

இந்த மார்க்கத்தில் நான் மதிக்கிற இடம் இதுதான். கண்ணை மூடினால் எவருக்கும் ஏதாவது தோன்றும். நெருப்பின் வாசல் வழியே போன ஒருவருக்கு நீலப் போர்வையில் ஒரு தேவதை தோன்றினால் என்ன செய்வது? புல்லரித்துப் போய்ப் பாடத் தொடங்கக்கூடாது. நெருப்பில் நீலம் எப்படி வந்தது என்று கேட்கவேண்டும். அதற்கு ஒரு முறையே வைத்திருந்தார்கள். இது பழைய நினைவு ஒன்று உருமாறி வந்ததோ என்று சந்தேகம் வந்தால், சனிக்குரிய ஹீப்ரு எழுத்தை அந்தக் காட்சியின் முன் மனத்தால் எழுதவேண்டும். என்னுடைய வீம்பு பேசுகிறதோ என்றால் சூரியனுக்குரிய எழுத்து. கோபம் என்றால் செவ்வாய்க்குரியது. மனம் அலைகிறது என்றால் சந்திரனுக்குரியது. எழுத்தின் முன் காட்சி கலைந்துபோனால் அது உங்களுடைய சரக்கு, வெளியிலிருந்து வந்ததல்ல. குரோலி ஏளனம் செய்த அந்த நெடுங்கணக்கு இப்போது எதற்குப் பயன்பட்டது என்று பாருங்கள். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் வழிகளையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். தெய்வம் பேசிற்று என்று சொல்கிற எத்தனை பேர் தங்களிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்? 1892இல் ஃபுளோரன்ஸ் ஃபாரும் தோழி ஒருவரும் சேர்ந்து கண்ட காட்சியை அப்படியே எழுதிவைத்தார்கள். அது மற்றவர்கள் படிப்பதற்காகச் சுற்றுக்கு விடப்பட்டது. ஆய்வுகூடக் குறிப்பேட்டை அடுத்த மேசைக்காரரிடம் நீட்டுவதுபோல.

ஆனால் இத்தனை சோதனையும் உட்காட்சியோடு நின்றுவிட்டது. வெளியே நடந்ததை அவர்கள் சோதிக்கவில்லை. சங்கத்தைத் தொடங்க அனுமதி தந்தவர் ஜெர்மனியில் வாழும் அன்னா ஸ்பிரெங்கல் என்ற பெருந்தபசி என்றும், அவருடைய கடிதங்கள் வெஸ்ட்கொட்டிடம் இருக்கின்றன என்றும் எல்லாரும் நம்பியிருந்தார்கள். 1900 பெப்ரவரியில், பாரிசில் குடியேறியிருந்த மேதர்ஸ், இலண்டனில் சங்கத்தை நடத்திவந்த ஃபாருக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதங்களை வெஸ்ட்கொட்டே புனைந்தார் என்றார். எல்லிக் ஹோ என்ற ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட நூலில் இதைத் துருவினார். கடிதங்களின் ஜெர்மன் மொழி ஜெர்மானியர் எழுதுகிற மொழியே அல்ல, ஆங்கில வாடை அடிக்கிறது என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று.

இதைவிட வேடிக்கை, ஏறத்தாழ அதே காலத்தில் பாரிசுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள்தான் உண்மையான ஸ்பிரெங்கல் என்று மேதர்ஸ் நம்பிவிட்டார். அவர்கள் அவருடைய சடங்குத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு போய், இலண்டனில் போலிச் சங்கம் நடத்தி, இளம்பெண் ஒருத்தியைச் சீரழித்தார்கள். 1901 டிசம்பரில் தண்டனை. ஹோரோஸ் என்ற அந்த ஆளுக்குப் பதினைந்து ஆண்டு, மனைவிக்கு ஏழு ஆண்டு. கோல்டன் டானின் இரகசியச் சத்தியம் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டு ஊர் சிரித்தது. தேவதையைச் சோதிக்க எழுத்துக் கற்றுக்கொடுத்த ஆசான், வரவேற்பறையில் வந்து உட்கார்ந்த அம்மாளைச் சோதிக்கவில்லை.

இந்தக் குழப்பத்தின் நடுவேதான் பரீட்சைச் சண்டை. அனி ஹோர்னிமன் பல ஆண்டு தன் பணத்தில் மேதர்ஸ் குடும்பத்துக்குச் சோறு போட்டவர். கீழ்ப்படிவேன் என்று எழுதித் தா என்று மேதர்ஸ் கேட்டபோது மறுத்ததற்காக 1896இல் வெளியேற்றப்பட்டார். 1900இல் திரும்பி வந்து செயலாளர் பொறுப்பை ஏற்று, பதிவேட்டைப் புரட்டினார். ஃபார் தலைமையில் இருந்த காலத்தில் பரீட்சை முறை தளர்ந்துபோயிருந்தது. பதிவுகள் ஒழுங்காக இல்லை. இதற்கும் மேலாக, ஃபார் தமக்கு வேண்டிய பன்னிரண்டு பேரைச் சேர்த்து இரகசியக் குழு ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். குறித்த நேரத்தில் அவரவர் இடத்திலிருந்தபடியே அனைவரும் சேர்ந்து தியானிக்கும் குழு. ஹோர்னிமன் கொதித்தெழுந்தார். யேட்ஸ் அவர் பக்கம் நின்றார்.

இதைப் பற்றி யேட்ஸ் 1901இல் ஒரு சிறுநூலே அச்சிட்டுச் சங்கத்தாருக்குள் கொடுத்தார். படிகளும் பரீட்சைகளும் போனால் சங்கம் உயிருள்ள ஒன்றாக இராது, ஒவ்வொரு குழுவும் தனித்தனி உயிராகி ஒன்றையொன்று தின்னும் என்பது அவர் வாதம். கவிஞர்கள் எப்போதும் விடுதலையின் பக்கம் நிற்பார்கள் என்று எண்ணுகிறோம். இங்கே மாபெருங்கவி ஒருவர் பரீட்சைக்காகக் கொடி பிடிக்கிறார்! வாக்கெடுப்பில் தோற்றார். பெரும்பாலோர் நடிகையின் பக்கம் போய்விட்டார்கள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை யாருக்குத்தான் பிடிக்கும்? நான் ஹோர்னிமன் கட்சி. அவர் சுபாவம் முரடு என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் இன்னாருக்கு எது தெரியும் என்பதற்குச் சான்று கேட்பதை விட்டுவிட்டால், பிறகு இன்னாருக்கு யார் வேண்டியவர் என்பதுதான் மிஞ்சும்.

அதற்காகப் பரீட்சையே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. குரோலி ஆறு ஏழு மாதத்தில் வெளிவட்டப் படிகள் முழுவதையும் தாண்டியவர். அபார நினைவாற்றல். ஆனாலும் இலண்டன்காரர்கள் அவருடைய நடத்தையைக் காட்டி உள்வட்டத்தில் சேர்க்க மறுத்தார்கள். நம்முடைய சங்கம் சீர்திருத்தப் பள்ளி அல்லவே என்ற பொருளில் யேட்ஸ் ஒரு கடிதத்தில் எழுதினார். மேதர்ஸ் பாரிசில் குரோலிக்கு உள்வட்டத் தீட்சை கொடுத்து அனுப்பினார். 1900 ஏப்ரலில் ஸ்கொட்லாந்து உடையும் கறுப்பு முகமூடியுமாகக் குரோலி மேதர்ஸின் சார்பில் சங்கத்தின் அறையைக் கைப்பற்ற வந்ததும், பொலிஸ்காரர் வந்து வெளியேற்றியதும் நாடகத்துக்குரிய கதை. விட்டுவிடுகிறேன்.

குரோலிக்கு மந்திரம் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் அலன் பென்னட். இரசாயனம் படித்தவர், கடும் ஆஸ்துமாக்காரர். 1900இல் உடல்நலம் தேடிக் கொழும்புக்கு வந்தார். அங்கே அவர் யோகம் கற்றது சேர் பொன்னம்பலம் இராமநாதனிடம். அப்போது இராமநாதன் இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல். அவருடைய பிள்ளைகளுக்குப் பென்னட் பாடம் சொல்லிக்கொடுத்தார் என்கிறார் குரோலி. 1901இல் குரோலியும் வந்து சேர, இருவரும் கண்டியில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து ஆசனமும் பிராணாயாமமும் பயின்றார்கள். பென்னட் அங்கிருந்து பர்மா போய் ஆனந்த மெத்தெய்ய என்ற பிக்குவானார். 1908இல் இங்கிலாந்துக்குப் பௌத்தத் தூதுக்குழு ஒன்றை அழைத்துச் சென்றார். மந்திர மார்க்கம் அவருக்கு ஒரு படிக்கட்டு. ஏறிவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்டியில் பெற்ற பழக்கத்தைக் குரோலி விடவில்லை. எத்தனை நிமிடம் அசையாமல் இருந்தேன், எப்போது கவனம் கலைந்தது என்று குறித்துவைக்கும் பழக்கம். 1907இல் அவர் தொடங்கிய சொந்தச் சங்கத்தில் புதியவருக்கு முதல் வேலை மூன்று மாத வாசிப்பு. பட்டியலில் விவேகானந்தரின் இராஜயோகம், சிவ சம்ஹிதை, கீதை, தம்மபதம் எல்லாம் உண்டு. புத்தகத்தைப் பார்த்தே பரீட்சை எழுதலாம். அதன்பின் ஓராண்டு நாட்குறிப்பு. எந்தப் பயிற்சியையும் தாமே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் எழுதாமல் விட முடியாது. தெய்வங்கள் வெளியே உண்மையில் இருக்கின்றன என்று முடிவுகட்டிவிடாதே, இன்னதைச் செய்தால் இன்னது விளைகிறது என்பதோடு நிறுத்திக்கொள் என்று 1909இல் வெளியான பாடத்தில் எச்சரிக்கிறார். 1908இல் பாரிசில் ஏறக்குறைய இரண்டு வாரம் தவமிருந்து எழுதிய குறிப்பை அச்சிட்டார். அதில் மந்திர உச்சாடனத்துக்குப் பக்கத்திலேயே, இன்று சிப்பி சாப்பிட்டேன், காப்பி குடித்தேன் என்றிருக்கும். சிரிக்காதீர்கள். தரிசனம் கிடைத்த நாளில் வயிறு காலியா நிறைவா என்பது தெரிந்தாகவேண்டிய செய்திதான்.

இத்தனை தெளிவாகப் பாடம் எழுதியவர் எங்கே போய் முடிந்தார்? நான் என்ற சொல்லைத் தவறிச் சொன்னால் சவரக்கத்தியால் கையைக் கீறிக்கொள் என்று மாணவருக்கு விதித்தவர் அவர். ஹெராயினுக்கு அடிமையானார். சிசிலியில் அவருடைய மடத்தில் இளஞ்சீடர் ஒருவர் 1923இல் நோய்ப்பட்டு இறந்தார். அதே ஆண்டில் இத்தாலி அவரை வெளியேற்றியது. நாட்குறிப்பு கடைசிவரை இருந்தது. ஆனால் சங்கத்தின் தலைவர் அவரே. அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் படித்து, இது உன் வீம்பு என்று சொல்ல அவருக்கு மேலே ஒருவரும் இல்லை.

ஃபுளோரன்ஸ் ஃபாரின் கதை வேறு. ஹோரோஸ் அவமானத்துக்குப் பின் கோல்டன் டானை விட்டு விலகினார். இலண்டனில் இராமநாதனைச் சந்தித்திருந்தார். பெண்களுக்கு ஒரு கல்லூரி கட்டப்போகிறேன் என்ற அவருடைய பேச்சு மனத்தில் தங்கியிருந்தது. 1912இல் ஐம்பது வயது தாண்டிய நிலையில், இருந்ததை விற்றுவிட்டுக் கப்பலேறினார். 1913இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரியின் அதிபராக நம்முடைய சைவப் பிள்ளைகளுக்கு நடுவே வந்து நின்றார். பேர்னாட் ஷாவின் நாடகங்களில் நடித்தவர், யேட்சின் கவிதைகளை நரம்பிசைக் கருவியோடு சொல்லிக் காட்டியவர், சுன்னாகத்தில் பாடவேளை அட்டவணை போட்டார். இலண்டனில் பரீட்சையைத் தளர்த்தியவர் இங்கே பரீட்சை வைத்தார். மார்பகப் புற்றுநோயால் 1917 ஏப்ரலில் கொழும்பில் காலமானார். இலண்டனிலிருந்து புறப்படும்போது ஒரு பெட்டியைப் பூட்டி, நண்பர் கிளிஃபர்ட் பேக்ஸிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பின்னால் திறந்தபோது ஷாவும் யேட்சும் எழுதிய கடிதங்கள் இருந்தன. 1941இல் அவை புத்தகமாயின. மந்திரத் தாளுக்குச் சொன்ன விதியை அவர் எதற்குப் பயன்படுத்தினார் பாருங்கள்.

கோல்டன் டானின் பாடத்தாள்களின் இரகசியமும் நீடிக்கவில்லை. இஸ்ரேல் ரிகார்டி என்பவர் 1930களில் இந்தச் சங்கத்தின் கிளை ஒன்றில் சேர்ந்தார். மேலேயுள்ளவர்கள் பாடத்தாள்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி வருகிறார்கள், அவர்களுக்கே பாடம் சரியாகத் தெரியவில்லை என்று கண்டார். 1937 முதல் 1940 வரை நான்கு தொகுதிகளாக அனைத்தையும் அச்சிட்டுவிட்டார். சத்தியத்தை மீறினார் என்று திட்டினார்கள். அவர் மீறியிராவிட்டால் இன்று நான் பேச ஒன்றும் இருந்திராது. அவரிடம் மந்திரம் கற்க வந்தவர்களுக்கு அவர் சொன்ன முதல் அறிவுரை, முன்னதாக உளவியல் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. அவரே அந்தத் தொழிலைப் பயின்று செய்தவர்.

இன்று அந்த நான்கு தொகுதிகளும் எல்லார் கைக்கும் எட்டும். தனக்குத் தானே தீட்சை கொடுத்துக்கொள்ளவும் வழிகாட்டிகள் வந்துவிட்டன. பரீட்சையை வைப்பவரும் எழுதுபவரும் திருத்துபவரும் சித்தி பெற்றார் என்று சான்றிதழ் கொடுப்பவரும் ஒருவரே. மாணவர் ஒருவர் காலையில் என்னிடம், நானும் இதைத் தொடங்கலாமா ஐயா என்று கேட்டார். ஹீப்ரு எழுத்து இருபத்திரண்டையும் வரும் மாதம் எனக்கு எழுதிக் காட்டும் தம்பி, அதன்பின் பேசுவோம் என்றேன். அவர் முகம் குரோலியின் முகம்போல் ஆயிற்று. அவர் இந்த அவையில்தான் இருக்கிறார். கேள்விகள் இருந்தால் அவரிடமிருந்தே தொடங்கலாம்.